கத்தியும் கணக்கும்

மனிதன் தன் உடலைப் பிறர் கையில் முற்றும் ஒப்புவித்து விடுகின்ற வேளை ஒன்று உண்டு. அஃது இரண வைத்தியர் முன்னே மேசைமீது மயங்கிக் கிடக்கும் வேளையேயாகும். கிடப்பவன் அவரைக் கேள்வி கேட்பதில்லை. கதவுக்கு வெளியே நிற்கும் உற்றாரும் கேட்பதில்லை. இவ்வாறு கேள்வியின்றி நம்பப்படுதலை நெடுங்காலம் பழகிய ஒருவர், பின்னர் வைத்தியசாலையின் நிர்வாகப் பீடத்தில் அமர்ந்து, கொள்முதலும் ஒப்பந்தமும் கட்டடமும் ஆகிய பலவற்றின் பணத்தைக் கையாளத் தொடங்குங்கால், அந்நம்பிக்கையும் அவருடன் அப்பீடத்திற்கு ஏறிவிடுகின்றது. அது நன்றோ தீதோ என்பதே நாம் இங்குச் சிறிது ஆராயப் புகுந்த பொருள்.

நாம் நமது கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்து வருகின்றோம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்னோர்க்கு இராமாநுசர் அவதரித்த தலம் என்பதே நினைவில் எழும். இக்காலத்தவர்க்கோ இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகளைச் செய்துவரும் ஹூண்டாய் தொழிற்சாலையும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ரெனோ நிஸ்ஸான் தொழிற்சாலையும், சுங்குவார்சத்திரம், வல்லம், பிள்ளைப்பாக்கம் என்னும் ஊர்களைச் சூழ்ந்த சிப்காட் பேட்டைகளுமே நினைவில் எழுகின்றன. செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும், வடநாட்டிலிருந்தும் வந்த ஆடவரும் பெண்டிரும் மூன்று முறை வைத்து இரவும் பகலும் இங்கு உழைக்கின்றனர். கை நிறைய இயந்திரங்கள் உள்ள இடத்தில் கைக்கு நேரும் விபத்தும் உண்டு. ஆதலின் வைத்தியசாலை இவ்விடத்து வாழ்வில் தொழிற்சாலைக்கு அடுத்த வீடு போன்றது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் தேதி வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க பெரிய விடுதி ஒன்றை நமது முதலமைச்சர் திறந்து வைத்தார். அதே தினத்தில் காலை ஆறு மணி முதல் மறுநாட்காலை ஆறு மணி வரை, அவசர சிகிச்சை நீங்கலாக மற்றைப் பணிகளை நிறுத்துமாறு இந்திய மருத்துவச் சங்கம் நாடெங்கும் உள்ள வைத்தியரை அழைத்திருந்தது. காரணம் நாமெல்லாரும் அறிந்ததே. கல்கத்தாவில் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில், அம்மாதம் 9ஆம் தேதி, இரவுப் பணியிலிருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் கற்பழித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். ஆயிரமாயிரம் பெண்கள் இரவுப் பணிக்குச் சென்று மீளும் இப்பிரதேசத்தில் அச்செய்தி எத்தகைய நடுக்கத்தை விளைத்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அக்கொலைக் குற்றத்துக்காக ஒருவன் 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆயுள் தண்டனை பெற்றான். அப்பெருந்துயரைப் பற்றி எழுதுதல் இங்கு நமது நோக்கமன்று. அத்துயரின் பின்னே, அதனால் வெளிச்சத்துக்கு வந்த மற்றொரு வழக்கைப் பற்றியே நாம் எழுத விழைகின்றோம்.

அவ்வைத்தியசாலையின் வரலாறு நம் போன்ற பழைய கல்லூரிகளின் மாணவர்க்கு இனிமை பயப்பது. இராதா கோவிந்த கர் என்னும் வைத்தியர், அந்நிய சர்க்காரின் கையை எதிர்பாராது, சுதேசிகளின் பொருளைக் கொண்டே 1886ஆம் ஆண்டில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினார். பின்னர் அது கார்மைக்கேல் பிரபுவின் பெயரைத் தாங்கிய கல்லூரியாயிற்று. நாடு சுதந்தரம் பெற்றபின் 1948ஆம் ஆண்டில் நிறுவியவரின் பெயரையே பெற்றது. 1958ஆம் ஆண்டில் மாகாண சர்க்காரின் வசமாயிற்று. நன்கொடையாய் வந்த பணத்தில் எழுந்த அக்கல்லூரியிலேயே பயின்று, எலும்பு முறிவு முதலியவற்றுக்கு அறுவை செய்யும் வைத்தியராய் விளங்கிய சந்தீப் கோஷ் என்பவர் 2021ஆம் ஆண்டில் அதன் பிரின்ஸிபாலாக அமர்ந்தார்.

கொலை நிகழ்ந்த மூன்றாம் நாள், அதாவது 12ஆம் தேதி, அவர் பதவியைத் துறந்தார். அன்றைய தினமே கல்கத்தாவின் வேறொரு சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்குத் தலைவராக நியமிக்கப் பெற்றார். மறுநாள் ஹைகோர்ட்டு தலையிட்டு, அவரை நீண்ட விடுப்பிற் செல்லுமாறு பணித்தது. இதற்கிடையில் பணத்தைப் பற்றிய பழைய புகார் மேலெழுந்தது. அவ்வைத்தியசாலையின் துணைக் கண்காணிப்பாளராயிருந்த ஒருவர் 2023ஆம் ஆண்டிலேயே அதனை எழுதிக் கொடுத்திருந்தார். சாமான் கொள்முதலிலும் ஒப்பந்தங்களிலும் வேண்டியவர்க்குச் சலுகை காட்டப்பட்டது என்றும், எரித்தோ புதைத்தோ ஒழிக்க வேண்டிய வைத்தியக் கழிவுப் பொருள்கள் விற்கப்பட்டன என்றும் குற்றச்சாட்டுகள் கூறப்பட்டன. மாகாண சர்க்கார் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது; 23ஆம் தேதி ஹைகோர்ட்டு அவ்விசாரணையைச் சி.பி.ஐ. வசம் மாற்றிற்று. செப்டம்பர் மாதம் 2ஆம் தேதி சி.பி.ஐ. அவரையும், சாமான் வழங்கும் வர்த்தகர் இருவரையும், காவலர் ஒருவரையும் சிறைப்படுத்திற்று. 19ஆம் தேதி மேற்கு வங்காள மருத்துவ மன்றம் வைத்தியர் பட்டியலினின்றும் அவர் பெயரை நீக்கிற்று. நவம்பர் மாதத்தில் குற்றப் பத்திரிகை தாக்கலாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திக் கூறுதல் கடன். குற்றஞ் சாட்டப்பெறுதல் வேறு. குற்றம் நிரூபிக்கப்பெறுதல் வேறு. ஒருவர் குற்றவாளி என்று கூறும் உரிமை நியாயஸ்தலத்துக்கு உரியதேயன்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதும் நமக்கு இல்லை. ஆதலின் அவர் செய்தாரா, செய்திலரா என்னும் வினாவை நாம் தொடோம். நாம் தொடும் வினா வேறு. புகார் எழுதப்பட்டது 2023ஆம் ஆண்டில். முழு விசாரணை தொடங்கியது, நாடே கொந்தளித்த 2024ஆம் ஆண்டில். புகார் மெய்யாயின் இடையிலே போன பணம் நோயாளிகளுடையது. பொய்யாயின் இடையிலே போனது ஒரு வைத்தியரின் நற்பெயர். எப்படிக் கொண்டாலும், ஒருவருடைய கணக்கை உரிய நாளில் எண்ணிச் சொல்வார் இல்லாமற்போன குறை அங்கு இருந்தது என்பது தெளிவு. அக்குறையை நீக்கும் முறை யாது?

அம்முறையை நாம் கற்றது ஓர் அறுவைக் கூடத்தின் வாயிலிலே. சில ஆண்டுகளுக்கு முன், தகட்டை அழுத்தி வடிவு செய்யும் பிரஸ் இயந்திரத்தில் நமது தொழிற்சாலை வாலிபன் ஒருவனின் இடக்கை விரல்கள் இரண்டு நசுங்கின. செய்யாற்றுப் பக்கத்தைச் சேர்ந்தவன். மணமாகி ஓராண்டும் ஆகவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவனை எடுத்துச் சென்றனர், ஈ.எஸ்.ஐ. காகிதங்களுடன் நாமும் பின்சென்றோம். அவனுக்கு அறுவை செய்த வைத்தியர் நமது கல்லூரியிலே இண்டர்மீடியட்டுக்கு நிகரான வகுப்பில் எமக்குப் பல ஆண்டு முற்பட்டுப் படித்தவர் என்பது பேச்சினிடையே தெரிய வந்தது. ஒரு விரலை அவர் காப்பாற்றிவிட்டார். மற்றது ஒரு கணு குறைந்தது.

மூன்றாம் நாள் அவ்வாலிபன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எம்மை நோக்கி, "சார், மாதா மாதம் சம்பளச் சீட்டிலே ஈ.எஸ்.ஐ. என்று நூற்றைம்பது ரூபாய் பிடிக்கிறார்களே, அது எங்கே போய் யார் கையிலே சேர்கிறது?" என்று கேட்டான். நாம் கணக்கைச் சொன்னோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுந்த திட்டம் அது; 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் செலுத்த வேண்டும் என்பது விதி. அவன் சம்பளம் 20,000 ரூபாய்; ஆகவே அவன் பங்கு 150, தொழிற்சாலையின் பங்கு 650, ஆக மொத்தம் 800 ரூபாய் திங்கள்தோறும் போகின்றது என்றோம். அவன் சற்று யோசித்து, "எண்ணூறா! அதை யாராவது எண்ணிப் பார்க்கிறார்களா, சார்?" என்றான். சர்க்கார் தணிக்கை உண்டு என்று விடை கூறினோம். அவன் தலையசைத்தான். ஆயினும் அவன் வினா எம்மை விட்டு நீங்கவில்லை. வைத்தியசாலைக்குள் வரும் ஒவ்வொரு ரூபாயும், வரியாயினும் கட்டணமாயினும் நன்கொடையாயினும், இப்படி எவனோ ஒருவன் சம்பளச் சீட்டினின்றும் கழிந்து வந்ததே அன்றோ?

அன்று மாலை அவ்வைத்தியரிடம் இதனைப் பேச்சாகக் கூறினோம். அவர் நேராக விடை சொல்லாமல், அறுவைக் கூடத்து வழக்கம் ஒன்றை விரித்துரைத்தார். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவையில் இரத்தத்தை ஒற்றியெடுக்கப் பல பஞ்சுத் துணிகள் உள்ளே செல்லும். அவற்றுள் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் சீழ் பிடித்து உயிருக்கே கேடு விளையும். அதனால் தொடங்குமுன் நர்ஸுகள் இருவர் அத்துணிகளையும் ஊசிகளையும் கருவிகளையும் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுவர். தைத்து மூடுமுன் மீண்டும் எண்ணுவர். எண் ஒத்தது என்று அவர்கள் சொன்ன பின்னரே வைத்தியர் மூடுவார். எண் குறைந்தால் எவ்வளவு பெரிய வைத்தியராயினும் நின்று தேட வேண்டும். தேடிக் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே அத்துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று வைத்து நெய்திருக்கின்றனர்.

"நீங்களே எண்ணிக் கொள்ளலாகாதோ?" என்று வினவினோம். அவர் நகைத்தார். "வேலை செய்கிற கை எண்ணக்கூடாது, தம்பி. என் கவனம் காயத்திலே இருக்கும். நான் எல்லாம் எடுத்துவிட்டேன் என்று என் மனம் சத்தியமாக நம்பும். அப்படி நம்புகிறவனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நர்ஸம்மா எண் குறைகிறது என்றால் எனக்கு அதில் ஓர் அவமானமும் இல்லை. நிம்மதிதான்" என்றார்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 செய்கைகள் அடங்கியுள்ளன. மேற்கூறிய எண்ணிக்கையும் அவற்றுள் ஒன்று. நமது தில்லி உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் அப்பட்டியலைப் பின்பற்றிப் பார்த்து, 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அறுவைக்குப் பின் இறந்தோர் தொகை 1,000 பேருக்கு 15 என்றிருந்தது 8 ஆகக் குறைந்தது என்று கண்டனர். வைத்தியரின் கைத்திறன் முன்பு இருந்ததே. எண்ணிச் சொல்லும் வழக்கமும் கேட்டு உறுதி செய்யும் வழக்கமும் கூடின. இவ்வளவுக்கு இத்துணைப் பயன் விளைந்தது.

இனி இவ்வைத்தியரே நாளை நிர்வாகியானார் என்று வைத்துக் கொள்வோம். அங்கே காயம் இல்லை, கோப்புகள் உள்ளன. துணிக்குப் பதிலாக இலட்சக்கணக்கான ரூபாய்ப் பில்கள் உள்ளே போய் வருகின்றன. இன்ன கருவி வேண்டும் என்று கேட்பவர் அவர். இன்னார் கொடுக்கலாம் என்று தெரிபவர் அவர். வந்த கருவி சரியே என்று கையெழுத்திடுபவர் அவர். பணம் கொடுக்கலாம் என்று உத்தரவிடுபவரும் அவரே. அறுவைக் கூடத்தில் அவர் கையை எண்ணிய நர்ஸ் இவ்வறையில் இல்லை. இருப்பவர் யாவரும் அவருக்குக் கீழ்ப்பட்டு, இடமாற்றத்துக்கு அஞ்சுபவர். வயிற்றினுள் மறந்த துணி சில நாளிற் சுரமாய் வெளிப்படும். கணக்கினுள் மறைந்த பணமோ பல ஆண்டு சுரமின்றிக் கிடக்கும்.

இவ்விஷயத்தில் நமது தொழிற்சாலைப் பிரதேசம் வைத்தியசாலைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தக்கது ஒன்று உண்டு. எமது தொழிற்சாலையில் ஒரு பெட்டி திருகாணி வாங்க வேண்டுமாயினும், வேண்டும் என்று கேட்பவர் ஒருவர். கொள்முதல் ஆர்டர் கொடுப்பவர் மற்றொருவர். வாயிலில் லாரியை நிறுத்திச் சரக்கை எண்ணி வாங்கும் ஸ்டோர் கீப்பர் வேறொருவர். கணக்குப் பகுதியினராகிய நாம் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் என்னும் மூன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்து, மூன்றும் ஒத்தாலன்றிப் பணம் கொடோம். தொழிற்சாலையின் பெரிய மானேஜரே வந்து கேட்டாலும் இவ்விதி மாறாது. இதனால் அவர் நேர்மையை எவரும் ஐயுற்றதாக அவர் எண்ணுவதில்லை. திருகாணிக்கு இத்தனை காவல் இருக்குமாயின், நோயாளியின் மருந்துக்கு எத்தனை காவல் வேண்டும்!

இஃது எங்கும் இல்லாத புதுமையும் அன்று. நமது மாகாணத்திலேயே 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் நிறுவப்பெற்றது. 1995ஆம் ஆண்டு முதல் அது சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டும் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் வழியே அனுப்பி வருகின்றது. டெண்டரில் மருந்தின் தகுதியைக் கூறும் உறை ஒன்று, விலையைக் கூறும் உறை ஒன்று என இரண்டு உறைகள். தகுதி தேறியவர் உறையே விலைக்குத் திறக்கப்படும். வந்த மருந்தின் மாதிரியை, செய்தவர் பெயரை மறைத்து, குறியெண் மட்டும் இட்டு, வெளிச் சோதனைச் சாலைக்கு அனுப்புவர். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு; தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் எந்த மருந்து வேண்டும் என்று தீர்மானிப்பவர் வைத்தியரே; விலை பேசுபவரும் பணம் கொடுப்பவரும் அவர் அல்லர். இதனால் ஸ்ரீபெரும்புதூர்த் தாலூகாவின் சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரும் வர்த்தகரோடு விலை பேசும் தொல்லையின்றித் தம் நோயாளியைக் கவனிக்கலாகின்றது. இம்முறை வைத்தியரைச் சிறுமைப்படுத்தவில்லை. அவரைக் காத்தது என்றே நாம் கருதுகின்றோம்.

அங்ஙனமாயின் இரண வைத்தியர் நிர்வாகம் செய்தலே தகாது என்று சிலர் கூறலாம். அதனையும் நாம் ஒப்போம். மதுரையில் கண் வைத்தியர் கோ. வெங்கடசாமி அவர்கள் சர்க்கார் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்யப் பழகியவர் அவர். பணம் கொடுக்க வல்லவர் கொடுப்பதனைக் கொண்டு கொடுக்க இயலாதவர்க்கும் பார்வை கொடுக்கலாம் என்பதைக் கணக்கினாலே நிரூபித்தார். கண்ணினுள் வைக்கும் வில்லை அந்நிய நாட்டினின்றும் மிக்க விலைக்கு வந்த காலத்தில், அதனை இங்கேயே மலிவாகச் செய்யும் ஆரோலாப் என்னும் தொழிற்சாலை 1992ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனத்தினின்றும் எழுந்தது. ஓர் அறுவைக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம் என்று அங்கே எண்ணாத நாளில்லை. கத்தி பிடித்த கை கணக்கையும் பிடிக்க வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. வேண்டுவது, தன் கை எண்ணப்படுவதை அக்கை விரும்புதல் ஒன்றே.

வைத்தியரைத் தெய்வமாகக் கொண்டாடுவது நம்மவர் இயல்பு. உயிர் தந்தவரிடம் ரசீது கேட்பது நன்றி கெட்ட செயல் என்று நம் தாய்மார் எண்ணுவர். அவ்வெண்ணம் இனியது, ஆயினும் ஆபத்தானது. கேள்வி கேளாமையை நாம் மரியாதையாக நினைத்துக் கொடுக்கின்றோம். நாளடைவில் பெறுபவர் அதனை உரிமையாக நினைத்துப் பெறுகின்றார். புகார் எழுதும் கீழ் உத்தியோகஸ்தர் அப்பொழுது துரோகியாகத் தோன்றுகின்றார். அவர் சொல்லில் உண்மை உண்டோ இல்லையோ என்று உடனே எண்ணிப் பாராமல், அவரை அப்புறப்படுத்தவோ அவர் காகிதத்தை அடியில் வைக்கவோ மனம் செல்லுகின்றது. எண் குறைகிறது என்று நர்ஸ் சொன்னபின்னும் தைத்து மூடிய வைத்தியரை நாம் என்னென்று கூறுவோம்? புகாரைப் பாராமல் மூடிய அலுவலகத்தையும் அங்ஙனமே கூறுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, நமது கல்லூரியினின்றும் வைத்தியத் துறைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் உண்டு. உங்களிற் சிலர் சிறந்த இரண வைத்தியராவீர்கள். அவருள்ளும் சிலர் வைத்தியசாலைகளை நடத்துவீர்கள். அந்நாளில் உங்களுக்கு வாழ்த்துக் கூறும் பலர் இருப்பர். "ஐயா, ஒன்று குறைகிறது" என்று கூறும் ஒருவரையும் நீங்களே தேடி அமர்த்திக் கொள்ளுங்கள். அவருடைய சம்பளமும் இடமாற்றமும் உங்கள் கையில் இல்லாதபடி ஏற்பாடு செய்யுங்கள். அவர் கூறும் நாளில் உங்கள் முகம் சிவக்குமாயின், அறுவைக் கூடத்தில் நீங்கள் நின்று தேடிய நாளை நினைத்துக் கொள்ளுங்கள். கணக்குத் துறைக்குச் செல்லும் எம் போன்றோர்க்கும் ஒரு சொல் உண்டு. எண் ஒவ்வாதபொழுது எதிரில் இருப்பவர் எத்துணைப் பெரியவராயினும் அதனை வாய்விட்டுச் சொல்லுதலே நமது தொழில்.

கல்கத்தா வழக்கின் முடிவை நியாயஸ்தலம் கூறும். செய்யாற்று வாலிபனின் வினாவுக்கு விடை கூற வேண்டியவர்கள் நாமே. அவன் கை இன்று மீண்டும் இயந்திரத்தில் வேலை செய்கின்றது. திங்கள்தோறும் அவன் சீட்டினின்றும் 150 ரூபாய் கழிகின்றது. அதனை எண்ணுவார் எங்கும் உளராகுக.